ஊசியின் மூன்றாவது துண்டு

"கிடைச்சுதா, கிடைக்கலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா."

கேட்டவர் எங்கள் ஷூ கம்பெனியின் ஹெச்.ஆர். மேனேஜர். அவர் மேஜைமேல் ஒரு நீளப் புத்தகம் திறந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் செலோ டேப்புக்கு அடியில் உடைந்த ஊசியின் இரண்டு துண்டுகள் இருந்தன. மூன்றாவது துண்டு ஒட்ட வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஆனால் பக்கத்தின் கீழே, எல்லாத் துண்டும் வந்துவிட்டது என்பதற்கான கட்டத்தில், ஸ்டெல்லாக்காவின் கையெழுத்து இருந்தது.

அக்கா என் வலப்பக்கம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து நடந்ததைச் சொன்னால் போதும், பத்தொன்பது வருஷ வேலை அவர் கையை விட்டுப் போகாது. அந்த அறையில் இருந்த எல்லோரையும்விட அது எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் சொல்லவில்லை.

அறையில் நான்கு டியூப் லைட். கதவோரம் இருந்தது மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. ஏ.சி. உறுமியது. மேனேஜர் ஒன்று கேட்டு முடிப்பதற்குள் சூப்பர்வைசர் இன்னொன்று கேட்டார். யாருடைய சட்டையிலிருந்தோ ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாடை வந்தது. எதிர்ச் சுவரில் தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அறிவிப்பு மாட்டியிருந்தார்கள். அதிலுள்ள எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணாமல் இருந்திருந்தால் அங்கேயே தரையில் சுருண்டிருப்பேன்.

"பயப்படுது, பாவம். தெரியாதுன்னுதான் அர்த்தம்," என்றார் சூப்பர்வைசர்.

மேனேஜர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வரம் என்று எழுதிய வாசகிக்கு

இந்தத் தொடரில் இந்த அத்தியாயத்தை எழுதுவதாகவே இல்லை. என் பள்ளிக்கூடத்து நாட்களை எழுதியதும், ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் போட்டிருந்தார். ஆட்டிசமும் கவனக் குறைபாடும் சேர்ந்தே இருப்பது ஒரு வரம், உங்களைப் போன்றவர்களுக்குத் தனிப் பார்வை உண்டு, அதைக் கொண்டாடுங்கள் என்று முடித்திருந்தார். நல்ல மனசு. கையெழுத்தும் அழகு. எனக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

அம்மா, உங்கள்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது. இந்த வரத்துக்கு விலை கொடுத்தது நானாக இருந்தால் கொண்டாடியிருப்பேன். கொடுத்தது இன்னொருத்தர்.

புதிதாக இந்த வாரம் படிப்பவர்களுக்கு ஒரு வரி. என் பெயர் கோமதி. ஜோலார்பேட்டையில் பிறந்து, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து, அவர்கள் காலடியில் இருந்த டைல்ஸில் எது கோணலாகப் பதித்திருக்கிறது என்று சொன்னேன். அதோடு சரி. நானும் அம்மாவும் மட்டும்தான்.

எனக்குள் இருப்பதை எப்படிச் சொல்வது? ஒரே வீட்டில் இரண்டு மாமியார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்க வேண்டும். கரண்டி அரை அடி தள்ளி இருந்தாலும் அன்றைக்குச் சமையல் கிடையாது. இன்னொருத்தி எதை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் மருமகள் நான். எனக்கு வேறு வீடும் கிடையாது.

சின்ன வயதில் சாக்ஸின் தையல் விரலில் படுகிறது என்று பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன். அம்மா சாக்ஸை உள்பக்கம் திருப்பிப் போட்டுவிடுவாள். பாதி வழியில், அவள் மெனக்கெட்டுத் திருப்பிப்போட்ட அதே சாக்ஸை ரயில்வே மைதானத்தில் கழற்றி வைத்துவிட்டு மறந்து வந்துவிடுவேன். "உன்னோட பேஜாரு தாங்கலடி," என்பாள் அம்மா. வாத்தியார்கள் திமிர் என்றார்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாட்டேன், கேட்காதபோது நிறுத்த மாட்டேன்.

ஊசி உடைந்தால்

எங்கள் கம்பெனியில் ஊசிக்கு இருக்கும் மரியாதை ஆளுக்குக் கிடையாது.

நாங்கள் தைப்பது ஷூவின் மேல்பாகம். தோலுக்குள் ஒரு ஊசி முனை மாட்டிக்கொண்டு போய், எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் காலைக் குத்தினால் மொத்த ஆர்டரும் போய்விடும். அதனால் ஊசி உடைந்த நொடியே மெஷினை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். சுற்றியிருப்பவர்கள் எல்லாம் குனிந்து காந்தத்தை வைத்துத் தேடுவார்கள். துண்டுகளைப் பொறுக்கி, ஊசி டெஸ்க்குக்குக் கொண்டுபோய்ப் புத்தகத்தில் ஒட்ட வேண்டும். துண்டுகளைச் சேர்த்து வைத்தால் முழு ஊசி வர வேண்டும். வந்தால்தான் டெஸ்க்கில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுப் புது ஊசி தருவார்.

இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். உடைந்தது எல்லாம் ஒரு இடத்தில் ஒட்டப்பட்டு, பக்கத்தில் ஒரு கையெழுத்தோடு இருக்கும். உலகத்தில் வேறெதற்கும் அப்படி ஒரு புத்தகம் இல்லையே என்று நினைத்திருக்கிறேன்.

எங்கள் லைனின் ஊசி டெஸ்க்கில் இருந்தவர்தான் ஸ்டெல்லாக்கா.

பின்னால் ஓடி வந்தவர்

நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே டிபன் பாக்ஸை கேன்டீனில் விட்டுவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கன்னங்கறுத்த, உயரமான ஒரு அம்மா, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தார். ஜன்னல் வழியாக டிபன் பாக்ஸை நீட்டினார்.

"இந்தா. உன் தலைய மட்டும் எப்படிடி மறக்காம எடுத்துனு வர?"

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தலை கழுத்தோடு ஒட்டியிருக்கிறது, அதை எப்படி மறக்க முடியும் என்று விளக்கம் சொன்னேன். அக்கா அதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம். ஐ.டி. கார்டு, குடை, செல்போன், ஒரு தரம் ஒற்றைச் செருப்பு. நான் விட்டுவிட்டு வந்ததை எல்லாம் அக்கா கொண்டுவந்து கொடுத்தார். கேன்டீன் இரைச்சலில் எனக்குத் தலை கிறுகிறுக்கும் என்று தெரிந்து, ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் தோல் கட்டுகளுக்கு நடுவில் இரண்டு பேரும் சாப்பிடுவோம். நான் பேசாத நாட்களில் அவரும் பேச மாட்டார். பேச ஆரம்பித்தால், தோலின் துளைகளைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாலும், "ம், அப்புறம்?" என்பார்.

புதிதாக வந்த பெண்களிடம் என்னைக் காட்டி, "இவ கிட்ட ஆயிரம் கோணங்கித்தனம் இருக்கும். ஆனா பொய் மட்டும் சொல்ல வராது," என்று சொல்வார். என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அன்றைக்கு நடந்தது

கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று அன்றைக்குக் காலையிலிருந்தே பரபரப்பு. என் ஊசி உடைந்தது. மூன்று துண்டு. மேல் துண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டை அக்காதான் குனிந்து எடுத்தார். முனையைக் காணோம். அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டுபோய்ப் புத்தகத்தில் ஒட்டினார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் முனை கிடைத்துவிட்டது. மெஷின் காலுக்கும் தரைக்கும் நடுவில் கிடந்தது. எடுத்தேன். தொலையக் கூடாது என்று, ஒரு சின்ன டேப்பில் ஒட்டி, மெஷினின் கைபோல நீண்ட பகுதியில் ஒட்டிவைத்தேன். டெஸ்க்கைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

"அக்கா, கிடைச்சிடுச்சி."

"கொண்டா, கொண்டா."

சூப்பர்வைசர் அக்காவின் தலைக்குமேல் நின்றுகொண்டு, லைன் நிற்கிறது, ஆள் வந்துவிட்டார்கள் என்று கத்தினார். அக்கா கையெழுத்தைப் போட்டுவிட்டுப் புது ஊசியை ஒரு பெண்ணிடம் கொடுத்தனுப்பினார். துண்டைக் கண்ணால் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தரம்தான். சொன்னது நான் என்பதால் போட்டார்.

புது ஊசியை மாட்டினேன். தைத்துப் பார்த்தபோது, பழைய தையலுக்கும் புதிய தையலுக்கும் இடைவெளியில் ஒரு நூலளவு வித்தியாசம் தெரிந்தது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் அவ்வளவுதான். காது அடைந்துவிடும், நேரம் நின்றுவிடும், டெஸ்க்கே உலகத்தில் இல்லை. சாப்பாட்டுச் சங்கு ஊதியபோது எழுந்து போனேன். திரும்பி வந்தும் தைத்தேன்.

சாயங்காலம் புத்தகத்தைச் சரிபார்த்தபோது இரண்டு துண்டுதான் இருந்தது. என் மெஷினின் கையில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் இருந்தது. டேப் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. கூட்டித் தள்ளியிருப்பார்கள். அன்றைக்குத் தைத்த அத்தனை ஜோடியையும் பிரித்துப் போட்டுச் சோதித்தார்கள். முனை கிடைக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த அறை. கிடைத்துவிட்டது என்று நான் சொன்னதால்தான் கையெழுத்துப் போட்டதாக அக்கா சொல்லிவிட்டார், நான் ஆமாம் என்று சொல்வதுதான் பாக்கி. கிடைச்சுதா, கிடைக்கலையா?

கிடைத்தது என்பது உண்மை. இல்லை என்பதும் உண்மை. ரெண்டில் ஒன்று சொல் என்கிறார். முழுவதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். அதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. வார்த்தைகள் தொண்டை வரைக்கும் வந்து பூட்டிக்கொண்டன. சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படி ஆகும். அக்காவுக்கு அது தெரியும். ஆனால் இந்த விஷயத்தில்கூட ஆகும் என்று அவர் நினைக்கவில்லை.

பத்திரமான இடம்

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். எழுத்து மூலம் விளக்கம் கொடுக்கப் பத்து நாள் அவகாசம். மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா போட்ட டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"நீ பேசலன்னு எனக்கு வருத்தம் இல்ல கோமதி. உன்னிய தெரியும். எழுதிக் குடு. நீ நல்லா எழுதுவ. முனை கிடைச்சுது, ஸ்டெல்லா கிட்ட சொன்னேன், கொண்டுபோய் குடுக்க மறந்துட்டேன். இவ்ளோதான். மூணு வரி."

"குடுக்கறேன்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

மூன்று வரி எழுத எனக்கு எட்டு நாள் ஆனது. நடந்தது நடந்த வரிசையில் இருக்க வேண்டும், ஒரு சொல் பிசகக் கூடாது. ஒரு எழுத்து அடித்தால் புதுத் தாள். பள்ளிக்கூட நோட்டு ஒன்று முழுக்கக் காலியானது. எட்டாம் நாள் ஒன்றரைப் பக்கத்தில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் முடித்தேன். படித்துப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக நான் எதையும் செய்ததில்லை.

தொலைந்துவிடக் கூடாது என்று, அதை மிகவும் பத்திரமான ஒரு இடத்தில் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் அந்த இடம் எது என்று தெரியவில்லை. நானும் அம்மாவும் வீட்டைக் கவிழ்த்துப் போட்டோம். அரிசி டப்பா, பீரோ, பாய்ச் சுருள், சாமி படத்துக்குப் பின்னால். இல்லை.

திரும்பவும் எழுதேன்டி என்று அம்மா கெஞ்சினாள். நீங்களும் அதைத்தான் கேட்பீர்கள். உட்கார்ந்தேன். பேனாவைப் பிடித்தேன். முதல் வரி பழைய கடிதத்தின் முதல் வரி போல வரவில்லை. அது வராமல் இரண்டாவது வரிக்குப் போக முடியவில்லை. கையை யாரும் பிடிக்கவில்லை, பேனாவில் மையும் இருந்தது. பத்தாம் நாள் கம்பெனி மூடும்வரை அந்தத் தாள் வெள்ளையாகவே இருந்தது.

அன்றைக்கு அக்கா நான்கு தரம் போன் செய்தார். போன் தரையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுக்கவில்லை. இதற்கு எந்த டாக்டர் என்ன பெயர் வைத்தாலும், நான் எடுக்கவில்லை.

அக்காவின் வேலை போனது.

இரண்டு பேர்

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு, தூக்கம் எதுவும் இல்லை. அம்மாதான் வேலூருக்கு ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். நாலைந்து தரம் போனோம். கேள்வித்தாள்கள் கொடுத்தார்கள். அம்மாவிடம் சாக்ஸ் கதைவரைக்கும் கேட்டார்கள். கடைசியில் டாக்டரம்மா ஒன்றல்ல, இரண்டும் சேர்ந்தே இருக்கிறது என்று சொல்லி இரண்டு பெயர்களை எழுதிக் காட்டினார்.

பெயர் தெரிந்ததும் பாரம் இறங்கியது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இறங்கவில்லை. ஒரு பெயர் கடிதத்தை எட்டு நாள் எழுத வைத்தது, இன்னொரு பெயர் அதைத் தொலைக்க வைத்தது. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தாலும் அக்கா இன்றைக்கு அந்த டெஸ்க்கில் இருந்திருப்பார். பஸ்ஸில் வரும்போது அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு, அடுப்பு ரெகுலேட்டர் மாற்ற வந்த ஆள் கேஸ் புத்தகத்தைக் கேட்டார். பிரித்தால் நடுவில் கடிதம். மடிப்புக்கூட கலையவில்லை.

கம்பெனிக்குக் கொண்டுபோனேன். மேனேஜர் மாறியிருந்தார். புதியவர் நின்றபடியே படித்தார்.

"இது முடிஞ்சுபோன ஃபைல்மா. இப்ப இத எடுத்தா உன் மேலதான் வரும். போய் வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். இன்றைக்கும் அதே மெஷினில்தான் உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம் நன்றாகத் தைக்கிறேன் என்று கைதட்டினார்கள்.

திருப்பத்தூர் ரோடு

மிச்சம் இருந்தது ஒரு இடம்தான். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். திருப்பத்தூர் போகும் ரோட்டில், உள்ளே தள்ளி ஒரு தெரு. மழை வருமோ என்று குடையும் எடுத்துப் போயிருந்தேன்.

அக்கா வாசல் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலை. விரல்களில் துணி சுற்றியிருந்தார். அந்த வீட்டில் ஊசி உடைந்தால் யாரும் புத்தகத்தில் ஒட்டுவதில்லை.

"வா. குந்து," என்றார்.

கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டாம் பக்கம் முடிந்ததும் முதல் பக்கத்தைத் திரும்பவும் பார்த்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்குது. நான் புடவைய சொருவினது கூட எழுதியிருக்கியே."

"ஆமாங்க்கா."

டாக்டரம்மா சொன்ன இரண்டு பெயர்களையும் சொன்னேன். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று வரிசையாகச் சொன்னேன். நிறைய நேரம் பேசினேன். அக்கா தைத்துக்கொண்டே கேட்டார். "ம், அப்புறம்?" என்று மட்டும் கேட்கவில்லை.

"மருந்து இருக்குதா?"

"ஒண்ணுக்கு இருக்கு, கொஞ்சம் கேக்கும். இன்னொண்ணுக்கு அப்படி மருந்து இல்லக்கா. அது அப்படியேதான்."

ஊசியைத் தோலில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்கு அறையில் பார்த்த அதே பார்வை.

"ஒண்ணு கேக்கறேன். நாளைக்கே மறுபடியும் அதே ரூமு, அதே ஆளுங்க. நான் பக்கத்துல நிக்கறேன். கேக்கறாங்க. சொல்லுவியா?"

சொல்லுவேன் என்று சொல்ல வேண்டும். அது எனக்கே தெரிந்தது. எந்த மனுஷியும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வாள். நான் யோசித்தேன். நான்கு டியூப் லைட், ஏ.சி., ஒரே நேரத்தில் இரண்டு குரல்.

"தெரியலக்கா."

அக்கா தலையை ஆட்டினார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பொய் சொல்ல மாட்ட. அத நம்பித்தான கையெழுத்து போட்டேன்."

நிறுத்தியிருந்த ஊசியை உருவித் திரும்பவும் தைக்க ஆரம்பித்தார். பிறகு, "மூணேகாலுக்கு ஒரு பஸ் இருக்குது. அத வுட்டா லேட்டாவும். கெளம்பு," என்றார்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றபோதுதான் தோள் லேசாக இருப்பது தெரிந்தது. பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உடனே திரும்பவில்லை. தெரு முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு வருஷம் ஒரு தரம்கூட அவர் வராமல் இருந்ததில்லை. மூணேகால் பஸ் வந்தது, போனது.

திரும்பி நடந்தேன். அக்கா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. வெளிக் கேட்டின் கம்பியில் என் பை தொங்கிக்கொண்டிருந்தது. யாரையும் கூப்பிட வேண்டிய தேவை இல்லாதபடி, கைக்கு எட்டும் உயரத்தில்.

எடுத்துப் பார்த்தேன். நான் மறந்ததே தெரியாத குடை உள்ளே இருந்தது. தண்ணீர் பாட்டில் இருந்தது. கடிதமும் இருந்தது, பழைய மடிப்பிலேயே மடித்து. என்னுடையது என்று அந்த வீட்டில் அவர் ஒன்றையும் விட்டு வைக்கவில்லை.